மாமா வருவார்

ஆஷ்கோம், சர்ரே
3 அக்டோபர் 1914

அன்புள்ள தம்பி எட்மண்டுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் கில்லும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் ஒட்டிலியும் பெண்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். உன் இருமல் விட்டதா?

இது உன் கைக்கு வந்திருந்தால் ஜொஹன்னா அத்தையின் ஏற்பாடு பலித்துவிட்டது என்று அர்த்தம். ஹாலந்து இந்தச் சண்டையில் சேரவில்லை. ஆர்ன்ஹெமில் இருக்கும் அத்தைக்கு நான் எழுதுவேன், அவர் வேறு உறை போட்டு உனக்கு அனுப்புவார். நீயும் அப்படியே செய். ராணுவ ரகசியம் எதுவும் எழுதாதே. எழுபத்திரண்டு வயதில் அவரைப் போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆகக்கூடாது.

ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்ப ரயிலேறும்போது, "கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன், வாத்து வறுத்து வை" என்றாய். மூன்றே வாரத்தில் உன் ஊரும் என் ஊரும் எதிரிகளாகிவிட்டன.

இங்கே செவ்வாய்க்கிழமைதோறும் காயக்கட்டுத் துணி சுருட்டப் போகிறேன். போன வாரம் டாக்டரின் மனைவி மிஸஸ் பெல்லோஸ், எல்லோரும் கேட்கும்படி, "உங்க தம்பி எந்தப் பக்கம் இருக்கார்னு சொன்னீங்க?" என்றாள்.

"பதினாலு வயசு வரைக்கும் இந்த ஊர் ஆத்துல மீன் புடிச்சவன்தான் அவன்" என்றேன்.

"அது சரி. இப்போ யாரைப் புடிக்கிறார்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து துணி சுருட்டினார்கள். சிரித்திருந்தால் தேவலை.

கில்லுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. "மாமா இப்போ எதிரியாம்மா?" என்று கேட்டான். மாமா மாமாதான் என்றேன். உடனே சமாதானமாகி ரொட்டி கேட்டான்.

காலை ஈரத்தில் நிற்காதே. ஒட்டிலிக்கு என் அன்பு.

உன் அக்கா,
ஹெஸ்டர்


கிழக்கு எல்லையிலிருந்து
11 டிசம்பர் 1914

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அத்தை அதோடு ஒரு சாக்லேட் கட்டியும் அனுப்பியிருந்தார். இருமல் போய்விட்டது. குதிரை சறுக்கி விழுந்ததில் இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. வேறு குறையில்லை. அங்கே எல்லோர் உடம்பும் எப்படி என்று எழுது.

ஆங்கிலேயர்களுக்கு எதிரே மட்டும் என்னை நிறுத்த வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் இந்தப் பனியில் இருக்கிறேன். இதை அத்தானிடம் சொல். ஆனால் இங்கே அதுவே எனக்கு வினையாகிவிட்டது. சமையல்காரன் இன்னொருவனிடம், "நம்ம கோமகன் தூக்கத்துல இங்கிலீஷ்லதான் உளறுறாராம்" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். உண்மையாகத்தான் இருக்கும்.

என் சமஸ்தானம் ரோட்டன்வால்டில் திவான் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார். ஒரு பேராசிரியரைப் பிடித்து என் வம்ச அட்டவணை எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ரயிலேறி இங்கேயே வந்துவிட்டார்.

"கோமகன் கவலையே படக்கூடாது. உங்க பாட்டன்களுக்குப் பாட்டன், பாட்டிகளுக்குப் பாட்டின்னு பதினாறு பேரை எடுத்துப் பாத்தேன். பதினாலு பேர் சுத்தமான ஜெர்மானியர்."

"மத்த ரெண்டு பேர்?"

"ஒருத்தர் டென்மார்க். இன்னொரு அம்மா எந்த ஊர்னு ஏட்டுல எலி கடிச்சிருக்கு."

"அப்போ இங்கிலீஷ்காரங்க?"

"ஒருத்தர்கூட இல்லைங்க" என்றார், பரிசு கொடுப்பதுபோல.

நம் தாத்தா இங்கிலாந்து ராஜாவின் நாலாவது மகன். அவருடைய அண்ணன் இந்தச் சமஸ்தானத்தை ஆண்டு, பிள்ளையில்லாமல் போனதால்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். நான் இன்றைக்கும் உங்கள் ஊர்ப் பட்டியலில் பிரிட்டிஷ் இளவரசன்தான். உடம்பில் ஒரு சொட்டு பிரிட்டிஷ் ரத்தம் கிடையாதாம். அக்கா, என் பதினாறு பேர்தான் உனக்கும் பதினாறு பேர். மிஸஸ் பெல்லோஸிடம் சொல்லிவிடாதே.

கில்லை ஆற்றில் குளிக்கும்போது நீரோட்டம் பார்த்து இறங்கச் சொல். எல்லோருக்கும் என் அன்பு.

உன் தம்பி,
எட்மண்ட்


ஆஷ்கோம்
24 ஏப்ரல் 1917

அன்புள்ள தம்பிக்கு,

போன வருஷம் நான் இரண்டே கடிதம் எழுதினேன். கோபித்துக்கொண்டிருப்பாய். உன் முழங்காலால் உன்னை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று அத்தை எழுதினார். அது ஒன்றுதான் எனக்கு நிம்மதி. இங்கே நானும் அத்தானும் இருக்கிறோம்.

எட்மண்ட், கில்லைக் காணவில்லை.

போன இலையுதிர்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தான். லெப்டினன்ட். உனக்கு எழுத வேண்டாம் என்று அவன்தான் சொன்னான், நீ சங்கடப்படுவாய் என்று. இந்த மாதம் பதினொன்றாம் தேதி பனி கொட்டும்போது முன்னேறிப் போனார்களாம். பதினேழாம் தேதி தந்தி வந்தது: "காணவில்லை." அவ்வளவுதான் இருந்தது. அவனோடு போன சார்ஜென்ட் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்கிறார். கில் விழுந்ததைப் பார்த்தாராம். உங்கள் ஆட்கள் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தாராம். தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் உயிரோடு இருந்தான் என்றுதானே அர்த்தம்?

நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ ஒரு கோமகன். நீ தந்தி அடித்தால் எந்த ஆஸ்பத்திரியும் எந்த முகாமும் பதில் சொல்லும். எங்கே இருக்கிறான் என்று மட்டும் கண்டுபிடி. முடிந்தால் ஒரு நடை போய்ப் பார். உன்னைப் பார்த்தால் அவனுக்குத் தைரியம் வந்துவிடும். உங்கள் ஏரியில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நீ. கால் எட்டாத இடத்துக்கு நீ கூட்டிக்கொண்டு போனாலும் பயப்படமாட்டான் என்று நீயே எழுதியிருந்தாய்.

அத்தை மூலமாக ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். கம்பளி உள்சட்டை, பிஸ்கட் டின் இரண்டு, பிளம் ஜாம், சோப்பு. அவன் கிடைத்ததும் கொடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

உன் அக்கா,
ஹெஸ்டர்


ரோட்டன்வால்ட்
6 மே 1917

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. அத்தானும் நீயும் மனதைத் தளரவிடாமல் இருங்கள். இங்கே எல்லோரும் நலம்.

விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். முகாம்கள் நிறைய இருக்கின்றன, பெயர்களைத் தப்பும் தவறுமாக எழுதுகிறார்கள், அதனால் நாளாகும். பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

வேறு விசேஷமில்லை.

உன் தம்பி,
எட்மண்ட்


ரோட்டன்வால்ட்
6 மே 1917

மதிப்பிற்குரிய ஜொஹன்னா அத்தைக்கு,

தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதோடு அக்காவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. அதை அனுப்பிவிடுங்கள். இது தங்களுக்கு மட்டும்.

கில் இறந்துவிட்டான்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி எனக்குத் தந்தி வந்தது. பிரான்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும் ஜெர்மன் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து. "ஆங்கிலேய லெப்டினன்ட் கில்பர்ட் மார்ச்வுட். வயிற்றில் காயம். தாங்கள் தாய்மாமன் என்கிறார். பார்க்க விரும்புகிறார்." ரயிலில் ஒரு நாள் பயணம். அன்று மதியமே கிளம்பியிருக்கலாம்.

பெட்டி எடுத்து வைக்கச் சொன்னேன். திவான் வந்து கதவைச் சாத்தினார்.

"கோமகன் போகலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனா நாளைக்கு அது பத்திரிகையில வரும். போன வாரம் ரொட்டிக்கு வரிசையில நின்ன பொம்பளைங்க உங்க வண்டியைப் பாத்து லண்டன்காரன்னு கத்தினது உங்களுக்கே தெரியும். இப்பதான் அந்த வம்ச அட்டவணையை நகரமன்றத்துல மாட்டியிருக்கோம். பதினாலு பேர் பதினாலு பேர்னு நான் தொண்டை கிழிய சொல்லிட்டிருக்கேன். நீங்க போய் இங்கிலீஷ் ஆபீசர் கட்டில்ல உக்காந்தீங்கன்னா அத்தனையும் போச்சு."

"அவன் என் அக்கா பையன்."

"ஒரு வாரம் பொறுங்க. கொஞ்சம் சத்தம் அடங்கட்டும்."

"அதுக்குள்ள அவன்?"

"இளவட்டம். தாங்கும்."

நான் பொறுத்தேன், அத்தை. திவான் மேல் பழி போடவில்லை. எனக்கும் அவர் சொன்னது வசதியாக இருந்தது. தந்தியை மேசை இழுப்பறையில் வைத்தேன். இருபதாம் தேதி இரண்டாவது தந்தி வந்தது. அதையும் வைத்தேன். இருபத்துநாலாம் தேதி சாப்பிடும்போது சின்னவள் ஏரியில் எப்போது குளிக்கலாம் என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. சாதாரண மேல்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்பில் ஏறினேன்.

மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒரு சிஸ்டர் வந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

பெயரைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்த மாமாவா?"

"ஆமா."

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போயிட்டான்" என்று சொல்லி, எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். திட்டியிருக்கலாம்.

வெளியே வந்தபோது குமாஸ்தா, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பும் பட்டியலில் பெயரைச் சேர்க்கவா என்றான். "வேண்டாம். அவன் அம்மாவுக்கு நானே சொல்லிக்கறேன்" என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன். பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று.

இன்று காலை எழுத உட்கார்ந்தேன். தேதி எழுத வேண்டும். தேதி எழுதினால், நீ எப்போது போனாய் என்று அக்கா கேட்பாள். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அதனால்தான் ஒன்றுமே சொல்லாமல் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நாள் கொடுங்கள். தாங்கள் தயவுசெய்து எதுவும் சொல்ல வேண்டாம்.

தங்கள் அண்ணன் மகன்,
எட்மண்ட்


ஆஷ்கோம்
9 அக்டோபர் 1917

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லோர் உடம்பும் எப்படி? அங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று கேள்விப்படுகிறேன். குழந்தைகள் மெலிந்துவிடப் போகிறார்கள்.

உன்னிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் இருக்கிறது. நீ சும்மா இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இறந்தவர்கள் பட்டியல் ஒவ்வொன்றாக செஞ்சிலுவை ஆபீஸில் போய்ப் பார்க்கிறேன். எதிலும் அவன் பெயர் இல்லை. அந்த ஆபீஸ் பெண்ணே சொல்கிறாள், "இவ்ளோ நாள் பட்டியல்ல வரலைன்னா நல்லதுக்குத்தாம்மா" என்று. அடிபட்டதில் பெயர் மறந்து எங்கேயாவது இருக்கலாம். இரண்டு பேர் அப்படிக் கிடைத்திருக்கிறார்கள்.

அத்தான் ஊர்க் கோவிலில் அவன் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்கிறார். "ஹெஸ்டர், போதும்மா" என்கிறார். நான் அவரோடு பேசி பன்னிரண்டு நாளாகிறது. அவன் அறையில் வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றுகிறேன்.

இன்னொன்று. எதிரிப் பக்கம் இருக்கும் இளவரசர்கள், பிரபுக்கள் பட்டத்தையெல்லாம் எடுத்துவிடச் சட்டம் வரப்போகிறது. குழு போட்டு ஒவ்வொரு பெயராக விசாரிப்பார்களாம். இளவரசர்களுக்கென்று தேவாலயத்தில் தொங்கவிடும் கொடிகளில் உன் கொடியை எடுத்துவிட்டார்கள். நீ கவலைப்படாதே. உன் முறை வரும்போது நான் போய்ப் பேசுவேன்.

ஆறாவது பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். குளிருக்குக் கையுறை வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்


ஆர்ன்ஹெம்
18 நவம்பர் 1917

எட்மண்டுக்கு,

என் மூட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். அது நன்றாக இல்லை, நீயும் நன்றாக இல்லை.

இரண்டு நாள் முன்பு உன் பெண்டாட்டி எனக்கு எழுதியிருக்கிறாள். பிஸ்கட்டுக்கும் ஜாமுக்கும் நன்றியாம். கோசுக்கிழங்கைத் தவிர வேறு பார்க்காத பெண்கள் இரண்டும் டின்னை நக்கிவிட்டார்களாம். ஹெஸ்டருக்கும் தன் நன்றியைச் சொல்லச் சொல்கிறாள். அந்த டின் யாருக்கு வந்தது என்று அவளிடம் நீ சொல்லவே இல்லையா? அவள் பாவம், சொந்தக்காரி அனுப்பினாள் என்று திறந்திருக்கிறாள். குழந்தைகள் சாப்பிட்டதைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் செத்துப்போன பிள்ளைக்குத் தாய் கட்டி அனுப்புவதை ஆறு தடவை வாங்கி வைத்துக்கொண்டாயே, உனக்குக் கை எப்படி நீண்டது?

ஏழாவது பொட்டலம் வந்திருக்கிறது. அதை உனக்கு அனுப்பமாட்டேன். என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் நாள் கொடுங்கள் என்றாய். ஆறு மாதம் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் வரை பார்ப்பேன். நீ சொல்லாவிட்டால் புதுவருஷத்தில் நானே எழுதுவேன். நீ சொன்னால் அவள் உன்னை அடிக்காமல் விடமாட்டாள், ஆனால் தம்பி என்று அடிப்பாள். வேறு யாராவது சொன்னால் அதுவும் இருக்காது.

அத்தை,
ஜொஹன்னா


ரோட்டன்வால்ட்
12 டிசம்பர் 1918

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன். அத்தை போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கபம் கட்டி இறந்துபோனது உனக்கும் தெரிந்திருக்கும். அவர் இல்லாமல் நமக்குள் ஒரு காகிதம் போக வழியில்லை. இப்போது அவருடைய வக்கீல் அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீயும் அத்தானும் இந்த விஷக்காய்ச்சலில் தப்பித்தீர்களா? ஒட்டிலிக்கு வந்து போனது. முடி கொட்டிவிட்டது.

நான் இப்போது கோமகன் இல்லை. நவம்பர் ஒன்பதாம் தேதி மூன்று பேர் வந்தார்கள். நகரமன்றத்தில் எந்த ராஜாவும் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார்களாம். தலைவர், எனக்குப் பூட்ஸ் தைக்கிற மனிதர்தான். தொப்பியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு உங்க மேல கோபமில்லைங்க, எட்மண்ட் ஐயா. ஆனா கையெழுத்துப் போட்டுடுங்க."

"போட்டா நான் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டேன்.

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். "அதெல்லாம் நாங்க இன்னும் பேசலைங்க" என்றார்.

திவான் அன்று காலையே போய்விட்டார். எங்களுக்கு இரண்டு அறை விட்டுவைத்திருக்கிறார்கள். கரி இல்லை.

அக்கா, எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். குழு என் பெயரை எடுத்துவிட்டால் இனிமேல் என்னை அந்தக் கரையில் இறங்கவே விடமாட்டார்கள். நீ பேசுவதாக எழுதியிருந்தாய். நான் ஆங்கிலேயரை எதிர்த்து நிற்கவில்லை என்பதைச் சொல். நான் கேட்டு இங்கே வரவில்லை என்பதைச் சொல்.

கில்லைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. முகாம்களை இப்போதுதான் திறக்கிறார்கள்.

உன் தம்பி,
எட்மண்ட்


கொலோன்
9 ஜனவரி 1919

மதிப்பிற்குரிய மார்ச்வுட் அம்மையாருக்கு,

என்னைத் தங்களுக்குத் தெரியாது. நான் சிஸ்டர் அகாதா, நர்ஸ். 1917இல் பிரான்சில் எங்கள் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். தாங்கள் நலமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இப்போது எங்கள் ஊரில் பிரிட்டிஷ் பட்டாளம் இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் ஆபீசர் கையில் ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. அதில் தங்கள் மகனைத் தேடும் விளம்பரத்தைக் காட்டி, மாதாமாதம் இது வருகிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்களுக்கு எல்லாம் தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கில்பர்ட் 1917 ஏப்ரல் 24 அன்று மாலை ஐந்து மணிக்கு என் கையில்தான் இறந்தான். வலிக்கு மருந்து இருந்தது, அம்மா. கடைசி இரண்டு நாள் அதிகம் கஷ்டப்படவில்லை.

வந்த அன்றைக்கே, "என் மாமா இங்கே கோமகன், சொல்லியனுப்புங்க" என்றான். டாக்டர் இரண்டு தந்தி கொடுத்தார். கதவு திறந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பான். "மாமா வருவார், சிஸ்டர். எப்பவும் லேட்டாதான் வருவார், ஆனா வந்துடுவார்" என்பான். பக்கத்துக் கட்டில் ஜெர்மன் சிப்பாய் ஒருவன், "உன் மாமா நடந்து வர்றாரா?" என்று கேலி செய்தான். இவனும் சிரித்தான்.

கடைசி நாள் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டான். "அவர் வர முடியாத நெலமையில இருப்பார். எங்கம்மா கேட்டா மாமா வந்தார்னே சொல்லிடுங்க" என்றான். நான் சரி என்றேன்.

மறுநாள் மதியம் அவர் வந்தார். கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு நானே சொல்கிறேன் என்றதால்தான் பட்டியலில் பெயர் போகவில்லை. இவ்வளவையும் எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஒரு பாதியை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

கல்லறை அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால், சுவரோரம், இரண்டாவது வரிசை. மரச்சிலுவையில் பெயர் இருக்கிறது.

தங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
சிஸ்டர் அகாதா


ஆஷ்கோம்
3 பிப்ரவரி 1919

அன்புள்ள தம்பிக்கு,

ஒட்டிலிக்கு உடம்பு தேறியதா? முடி வளர்ந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று சொல். நாங்கள் இருக்கிறோம்.

மார்ச் நாலாம் தேதி உன் பெயர் குழு முன்னால் வருகிறது. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீ கிழக்கே போகக் கேட்டுக்கொண்டதை எழுதியிருக்கிறேன். பதினாலு வயதில் நீ சாப்பாட்டு மேசையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போகமாட்டேன் என்று அழுததை எழுதியிருக்கிறேன்.

அதில் எழுதாத ஒன்று உண்டு. அன்று பெரியவர்கள் என்னைத்தான் அனுப்பினார்கள், நான் சொன்னால் நீ கேட்பாய் என்று. "ரெண்டே வருஷம்தான்டா. அப்புறம் திரும்பி வந்துடலாம்" என்றேன். நீ கையை விட்டாய். அது பொய், எட்மண்ட். நீ திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அப்பா முந்தின நாளே சொல்லியிருந்தார். இருபது வருஷத்துக்குமேல் இதை மனதில் வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிட்டேன். நீ என்னைத் திட்டலாம்.

உன்னிடமும் எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போது சொல். கில்லைப் பற்றி உனக்கு என்ன தெரியுமோ, எவ்வளவு தெரியுமோ, எப்போது தெரிந்ததோ, எழுது. எதுவானாலும் நான் கேட்டுக்கொள்வேன். நாலாம் தேதிக்குள் உன் பதில் வர வேண்டும்.

உன் அக்கா,
ஹெஸ்டர்


ரோட்டன்வால்ட்
17 பிப்ரவரி 1919

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மனது லேசானது. ஒட்டிலி நடமாடுகிறாள். பெண்கள் நலம்.

மேசைக்கால் விஷயத்தை நீ இத்தனை நாள் சுமந்திருக்க வேண்டாம். உன்மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. நீயும் சின்னப் பெண். அனுப்பினார்கள், சொன்னாய். அந்தந்த நேரத்தில் எல்லோருக்கும் எது நல்லதோ அதைத்தான் மனிதன் சொல்கிறான்.

கில்லைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை, அக்கா. தெரிந்தால் உனக்குச் சொல்லாமல் இருப்பேனா? ரஷ்யப் பக்க முகாம்களிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். நம்பிக்கையை விடாதே.

குழுவிடம் அந்தத் தாளில் இருப்பதையெல்லாம் சொல். அத்தானுக்கும் அங்கே நாலு பேரைத் தெரியும். கோடையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் டீ குடிக்க வேண்டும். அதை நினைத்துத்தான் இங்கே காலையில் எழுந்திருக்கிறேன்.

உன் தம்பி,
எட்மண்ட்


ஆஷ்கோம்
6 மார்ச் 1919

எட்மண்டுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

முந்தாநாள் போனேன். நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். உன் வம்ச அட்டவணை விரித்துக் கிடந்தது. உன் பெயருக்கு மேலே அப்பா, பக்கத்தில் நான். தலைவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார்.

"உங்க தம்பியைச் சின்ன வயசுலேயே அனுப்பிட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும், அம்மா. அதுக்காக யாரும் அவரைக் குத்தம் சொல்லல. நாங்க கேக்கறது ஒண்ணுதான். இந்த நாலு வருஷத்துல அவர் யாராவது ஒரு இங்கிலீஷ் சிப்பாய்க்கு, காயம்பட்டவனுக்கோ கைதிக்கோ, ஏதாவது செஞ்சிருக்காரா? ஒரே ஒருத்தருக்குச் செஞ்சிருந்தாலும் போதும். எழுதிக்கறோம்."

தாள் என் கையில்தான் இருந்தது. அவர் பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அத்தான் வெளியே வண்டியில் இருந்தார். வீட்டுக்கு வந்துவிட்டோம். பட்டியலில் உன் பெயரை எடுத்துவிட்டார்கள். உத்தரவு தனியாக வரும்.

கில்லை இனிமேல் தேட வேண்டாம். சிஸ்டர் அகாதா எனக்கு ஜனவரியிலேயே எழுதிவிட்டார். உன்னைக் கேட்டு நான் எழுதியபோது அந்தக் கடிதம் என் மேசையில்தான் இருந்தது.

நீ வந்தாய் என்று என்னிடம் சொல்லச் சொன்னானாம் கில். அவ்வளவு நல்ல மனது அவனுக்கு. என்னால் அது முடியவில்லை. நீ ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்குமோ என்னவோ. இனி அதைப் பற்றி யோசிக்கப்போவதில்லை.

மே மாதம் நானும் அத்தானும் அங்கே போகிறோம். சுவரோரம், இரண்டாவது வரிசை. உனக்கு வழி தெரியும். அந்தச் சமயத்தில் நீ வரக்கூடாது.

குழந்தைகளுக்கு உடுப்பும் சாப்பாட்டுச் சாமானும் வக்கீல் மூலம் அனுப்பியிருக்கிறேன். அவை அவர்கள் பெயருக்கே அனுப்பியவை, தாராளமாகச் சாப்பிடட்டும். பதில் எழுத வேண்டாம்.

ஹெஸ்டர் மார்ச்வுட்